எதிர்ல இருக்கறவ

“அந்த எதிர்ல இருக்கறவளைக் கொஞ்சம் கூப்புடுமே” என்றாள் அம்மா.

காலை வேளை. நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றிருந்தேன். எதிர் வீட்டு அம்மாள் ஏதோ கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, போய்க் கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. தெருவில் ஒரு ஆட்டோ மட்டும் பெரிய நாமம் போட்ட கண்ணாடியோடு நின்றிருந்தது. தெரு முடிகிற இடத்தில் மலை. எங்கள் வீட்டுக் கதவை எப்போது திறந்தாலும் மலைதான் முதலில் உள்ளே வரும்.

“யாரும் இல்லையேம்மா.”

“இல்லாம எங்க போவா? தெனம் நான் தலை வாரும்போது வருவா இல்ல?” என்று அம்மா தன் முகத்துக்கு முன்னால் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மற்ற கையில் சீப்பு.

முகம் பார்க்கிற கண்ணாடி! ஆணியிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்தேன். அம்மா குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“பாவம், இவ ஏன் இப்பிடி ஆயிட்டா?” என்றாள்.

பால் பொங்கி வழிந்த வாசனை வந்தது. நான் போகவில்லை.

சாவி கொடுக்கிறவள்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதலில் கையில் எடுக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் திருப்பதியில் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் அறைச் சாவி கொடுக்கிறவள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெயர் மல்லிகா. பேச்சு கொஞ்சம் அதிகம். ‘அம்மா, கட்டுரையிலாவது மூச்சு விடுங்கள்’ என்று ஆம்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். முயற்சி செய்கிறேன் ஐயா.

பிறந்தது நகரி. நைனா, அதாவது அப்பா, விசைத்தறியில் இருந்தார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. பத்தாவது வரைக்கும் படித்தும் தமிழில் என் பெயரை எழுதத் தெரியாது. சத்திரத்துக்கு வேலைக்கு வந்த பிறகுதான் தமிழ் எழுத்து வந்தது. எப்படி என்கிறீர்களா? சாமி பார்க்க வருகிறவர்கள் அறையைக் காலி செய்யும்போது வாரப் பத்திரிகைகளை விட்டுவிட்டுப் போவார்கள். கட்டிலுக்கு அடியில், ஜன்னல் மேல், சில சமயம் இட்லி சுற்றின காகிதமாகவும். அதை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, பேருந்துப் பலகையில் தெலுங்கையும் தமிழையும் ஒப்பிட்டு எழுத்தைக் கண்டுபிடித்தேன். ‘வேலூர்’ என்பதுதான் நான் முதலில் வாசித்த தமிழ்ச் சொல். யாரோ விட்டுவிட்டுப் போன பத்திரிகையில் கற்றுக்கொண்டவள், இப்போது பத்திரிகையில் எழுதுகிறேன். இதையும் யாராவது கட்டிலுக்கு அடியில் விட்டுவிட்டுப் போகட்டும்.

எழுத்து வந்ததும் ஒரு நோட்டுப் போட்டேன். ஜனங்கள் சொல்கிறதை அதில் எழுதி வைப்பேன். மொட்டை போட்டுவிட்டு வந்த ஒரு சேலத்துக்காரர் சாவியை வைத்துவிட்டுச் சொன்னார்: “வெளிய இருந்த கனத்தைக் குடுத்தாச்சும்மா, உள்ள இருக்கிறதை வாங்கிக்கத்தான் ஆள் இல்ல.” இன்னொரு தடவை கும்பகோணத்து மாமி ஒருத்தி: “பதினாலு மணி நேரம் நின்னு எல்லார் முதுகையும் கண்ணைத் திறந்துண்டு பார்த்தேன். பெருமாள்கிட்ட போனதும் கண்ணை மூடிண்டுட்டேன்டி!” என்று சொல்லிவிட்டு, சிரித்தபடியே அழுதாள்.

இப்படி ஊரார் சொன்னதை எல்லாம் எழுதினவள், என் அம்மா சொன்னதை மட்டும் அந்த நோட்டில் எழுதினதே இல்லை. வீட்டில் இருக்கிற பேச்சு எங்கே போய்விடப் போகிறது என்ற எண்ணம்தான்.

போனது.

தேடட்டும் விடுங்க

நைனா போன பிறகு அம்மா, பெயர் கன்னியம்மா, நகரியில் தம்பியோடு இருந்தாள். தம்பி வேலைக்காக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனதும் என்னிடம் வந்தாள். வந்த புதிதில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது கையை நிறுத்திவிட்டு, “அது போடுமே” என்றாள்.

“எதும்மா?”

“அதான்... இல்லன்னா தெரியுமே, அது.”

உப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள். உப்புக்கு அதைவிட நல்ல பெயர் உண்டா, சொல்லுங்கள்.

அடுத்து சாவி ‘கதவோட விரல்’ ஆயிற்று. மின்விசிறி ‘எங்கயும் போவாம நடக்கறவன்’ ஆனான். மழையை ‘மலைக்கு அந்தாண்டயிருந்து வர்ற சத்தம்’ என்பாள். காதில் வாங்கிக்கொண்டு அன்றாடக் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் குறித்துவைத்தேன். ஒவ்வொன்றாக. ஒரு பிஸ்கட் டப்பா நிறையும் அளவுக்கு.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படம் எல்லாம் எடுத்துப் பார்த்தார். வயசு, ரத்த ஓட்டம் என்று சொன்னார். மாத்திரை கொடுத்தார். எழுந்திருக்கும்போது என்னைப் பார்த்து, “நீங்க ரொம்ப ஹெல்ப் பண்றீங்க இல்ல?” என்றார்.

“ஆமாங்க டாக்டர், அவங்க வாயைத் திறக்கிறதுக்குள்ள நானே சொல்லிடுவேன்.”

“அதைத்தான் செய்யக்கூடாது. அவங்க தேடட்டும் விடுங்க. நீங்க சும்மா பக்கத்துல நில்லுங்க.”

எங்கள் வீட்டுக்காரர் வெளியே வந்ததும், “உன்னைப் பேசாதேன்னு சொல்றதுக்கு எவ்ளோ படிக்க வேண்டியிருக்கு பாரு” என்றார். சித்தூர்க்காரர். மலைக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயிரம் வளைவில் நின்றுகொண்டே வந்ததால் அவர் பேச்சும் எப்போதும் வளைந்துதான் வரும்.

சும்மா நிற்க எனக்கு வரவில்லை. அம்மா ‘அந்த...’ என்று ஆரம்பித்தால் போதும், சொம்பா, போர்வையா, மாத்திரையா, கதவா என்று வரிசையாகக் கொட்டுவேன். ஒரு நாள் அம்மா சலித்துப்போய், “நான் தேடிக்கினு இருக்கற எடத்துல நீ வந்து குதிக்கிற. தண்ணி கலங்கிப்போவுது” என்றாள்.

அதையும் காலண்டர் தாளில் எழுதி வைத்தேன். அப்படியும் குதித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கண்ணாடி கேட்டதற்கு மறுநாள் காலையில் அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். கண் என் முகத்தில் இருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. என் பெயர் வரவில்லை. கடைசியில் சிரித்துக்கொண்டு, “பேசறது வந்துடுச்சு” என்றாள்.

அன்றைக்கு நான் சத்திரத்தில் மூன்று பேருக்குச் சாவி மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

கைதட்டல்

திருப்பதியில் மாதம் ஒருமுறை தமிழ்க்காரர்கள் கூடுகிற ஒரு சின்னக் கூட்டம் உண்டு. ஒரு பள்ளிக்கூடத்து மாடியில், இருபது நாற்காலி. யாராவது கட்டுரை வாசிப்பார்கள், யாராவது பாடுவார்கள், முடிவில் சுண்டல். அந்த மாதம் என்னை ஒரு கவிதை வாசிக்கச் சொன்னார்கள். நான் கவிதை எழுதுகிறவள் இல்லை. பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். காலண்டர் தாள்களைத் தரையில் பரப்பினேன். ஒன்றுக்குக் கீழே ஒன்றாக வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அம்மாவைத் தனியாக விட முடியாது. முன் வரிசையில் உட்காரவைத்துவிட்டு வாசித்தேன்.

அம்மா உப்பைக் கேட்டாள்,
இல்லாவிட்டால் தெரியுமே, அது என்று.
சாவியைக் கேட்டாள்,
கதவின் விரல் என்று.
மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள்,
எங்கும் போகாமல் நடக்கிறவனை
நிற்கச் சொல் என்று.
கண்ணாடியைக் கேட்டாள்,
எதிரில் இருக்கிறவளைக் கூப்பிடு என்று.
எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன்.
இன்று காலை
என்னைப் பார்த்துக்கொண்டே
என்னைத் தேடினாள்.
எதை எடுத்துக் கொடுப்பேன்?

வாசித்து முடித்ததும் கைதட்டினார்கள். ஒரு பெரியவர் எழுந்து, “அம்மாடி, என்ன உவமை! கதவின் விரல்! எங்கே பிடித்தீர்கள் அதை?” என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ‘இதோ முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாளே, அவளிடம் பிடித்தேன்’ என்று. ஊரெல்லாம் பேசுகிற என் வாய் அன்றைக்கு “நன்றிங்க” என்று மட்டும் சொன்னது. அம்மா சுண்டலை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

ஆட்டோவில் சொன்னது

திரும்பும்போது ஆட்டோவில் அம்மா வாயைத் திறந்தாள்.

“அதெல்லாம் என் பேச்சு இல்ல?”

“ஆமாம்மா. உன்னைக் கேக்காம எடுத்துக்கினேன். தப்புதான்.”

“எடுத்துக்கோ. மொதல்லயே நீ எடுத்துக்கினு போனதுதானே.”

புரியவில்லை. இந்த ஒரு முறை, எப்படியோ, நான் குதிக்காமல் இருந்தேன்.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். எனக்கு நாலு வயசு வரைக்கும் பேச்சு வரவில்லை. இப்போது என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள். காது கேட்கும், சிரிப்பேன், வாயில் சத்தம் மட்டும் வராது. அம்மா மலைக்கு வேண்டிக்கொண்டாள். மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து மேலே வரைக்கும் ஒரு படி விடாமல் மஞ்சள் வைத்து, அதன்மேல் குங்குமம் வைக்கிறேன், குழந்தைக்கு வாய் திறக்கட்டும் என்று. இன்றைக்கும் எத்தனையோ பெண்கள் வைத்துக்கொண்டு போகிறார்கள். தெலுங்கில் மெட்ல பூஜை என்பார்கள். மூவாயிரத்துச் சொச்சம் படி. ஒவ்வொன்றுக்கும் குனிய வேண்டும்.

நைனாவுக்குத் தறியை விட்டு வர முடியவில்லை. அம்மா என்னை மட்டும் அழைத்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது நான் பேசிக்கொண்டே வந்தேனாம். தெருவே வந்து பார்த்ததாம். எனக்கு அதில் நினைவிருப்பது ஒன்றே ஒன்று. எனக்கு முன்னால் குனிந்த அம்மாவின் முதுகு. அது எழும், குனியும், எழும், குனியும். ஈரக்கல் என் காலுக்குச் சில்லென்று இருக்கும். அது நினைவா, கேட்டுக் கேட்டு நானே செய்துகொண்ட கனவா என்று இன்றுவரை தெரியாது.

என் முதல் சொல் ‘நைனா’தான் என்று நைனா கடைசிவரைக்கும் சாதித்தார். அம்மா மறுத்ததில்லை. சிரிப்பாள்.

ஆட்டோ ரயில்வே கேட்டில் நின்றது. அம்மா எதிரே நின்ற மலையைப் பார்த்தாள். விளக்குகள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன.

“நான் முடிக்கல பாப்பா” என்றாள்.

“எதை?”

“படியை. முழங்கால் முறிச்சான்ல பாதி ஏறிட்டேன். அங்க தூரமாயிட்டேன், வீட்டு வெலக்கு. அந்தக் கையோட எப்பிடி வெப்பேன்? மஞ்சக் கிண்ணத்தை மூடிட்டு அப்பிடியே உக்காந்துட்டேன். அழுவ வந்துடுச்சு. நீ என் முந்தானையைப் புடிச்சு இழுத்த. ‘போலாம்’னு சொன்ன.”

ரயில் வந்தது. எங்கள் ஆட்டோவே நடுங்கியது. அம்மா அது போகிறவரைக்கும் காத்திருந்தாள்.

“அதான் நீ பேசுன மொத வார்த்தை. கேட்டது பாதிப் படியிலயே கெடைச்சிடுச்சு. உன்னைத் தூக்கிக்கினு கீழ ஓடியாந்துட்டேன். வீட்டுல எல்லாத்தையும் வெச்சு முடிச்சேன்னு சொல்லிட்டேன். தூரமாயிட்டேன்னு எப்பிடிச் சொல்றது, மலையில? அப்பறம் போவலாம், அப்பறம் போவலாம்னு... தம்பி பொறந்தான். தறி. கண்ணாலம். சாவு. போவவே இல்ல.”

முழங்கால் முறிச்சான் என்பது படிக்கட்டு வழியில் கடைசியாக வருகிற செங்குத்தான ஏற்றம். பெயரே சொல்லிவிடும்.

“அதுக்கென்னம்மா இப்ப?”

“அதுக்குத்தான் மலைமேல இருக்கறவன் இப்ப எடுத்துக்கறான். உனக்குக் குடுத்ததை உங்கிட்ட கேக்க மாட்டான். என் வாயிலருந்து எடுக்கறான்.” அம்மா என் கையைப் பிடித்தாள். “எந்தப் படின்னு இன்னும் தெரியுது. அதுவும் போறதுக்குள்ள மிச்சத்தை வெச்சிரணும். அங்க உக்காந்திருக்கறா பாப்பா அவ. இத்தினி வருசமா. கிண்ணத்தை மூடிக்கினு.”

“யாரும்மா?”

அம்மா தன் முகத்துக்கு முன்னால் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

மேலிருந்து

வேண்டாம் என்று நான் சொன்ன காரணங்களை எல்லாம் இங்கே எழுதினால் பத்திரிகையில் இடம் இருக்காது. எழுபத்தைந்து வயசு. முட்டி இரண்டும் வீங்கும். ஒரு படி வழுக்கினால் போதும். சாமி அப்படி எல்லாம் எடுத்துக்கொள்கிறவர் இல்லை, வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்குகிறவர் என்ன சாமி என்றுகூடக் கேட்டுவிட்டேன். மறுநாள் காலையில் அம்மா சமையல்கட்டில் மஞ்சள்தூளைத் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாளும் குழைத்தாள்.

வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். “முழங்கால் முறிச்சான் மேல முடியுதே, அதுக்குக் கிட்டக்க பஸ்ஸு போவுது. மேல போய் எறங்கி, அங்கருந்து கொஞ்ச தூரம் கீழ எறங்குவோம். அத்தை சொல்ற படி வந்ததும், அங்கருந்து வெச்சுக்கினு மேல வரட்டும். நானும் வரேன். ஒரு கை நீ, ஒரு கை நான்.”

“படியை எல்லாம் மாத்திக் கட்டிட்டாங்களே. கூரை போட்டிருக்காங்க. எந்தப் படின்னு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?” என்றேன்.

“ஒரு வளைவு. வளைஞ்சதும் பாறை ஒண்ணு தோளு மாதிரி நிக்கும்” என்றாள் அம்மா.

அந்த மலையில் தோள் மாதிரி நிற்காத பாறை எது? ஆனாலும் போனோம்.

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் எவர்சில்வர் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வளைவுக்கு வளைவு கீழே ஊர் சின்னதாகிக்கொண்டே போனது. பனி விலகாத காலை. நடுவில் ஒரு மேகம் ரோட்டின் குறுக்கே வந்து பஸ்ஸுக்குள்ளும் நுழைந்தது. அம்மா அதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதுக்கு ஒரு பேரு இருந்துது” என்றாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

படிவழி வந்து முடிகிற இடத்தில் நின்று கீழே பார்த்தோம். அப்போதுதான் தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தார்கள். படிகள் ஈரமாக, வெறுமையாக, ஒரு பொட்டுகூட இல்லாமல் கீழே இறங்கிக்கொண்டே போயின. ஏறி வருகிறவர்கள் ‘கோவிந்தா’ சொல்லும் சத்தம் எங்கோ அடியிலிருந்து வந்தது. ஆளைக் காணோம், குரல் மட்டும் படி ஏறி வந்தது.

நாங்கள் கையைப் பிடிப்பதற்குள் அம்மா முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். டப்பாவைத் திறந்தாள். மூன்று விரலில் மஞ்சளைத் தொட்டுக் கல்லில் இழுத்தாள். அதன்மேல் குங்குமம்.

“ம்மா, இங்க இல்ல! கீழ போய், அங்கருந்து மேல வெச்சுக்கினு வரணும்!”

அம்மா கேட்கவில்லை. உட்கார்ந்தபடியே அடுத்த படிக்கு இறங்கினாள். குழந்தைகள் மாடிப்படியில் இறங்குமே, அப்படி. மஞ்சள். குங்குமம்.

“அத்தை, தலைகீழா வெக்கிறீங்க” என்றார் வீட்டுக்காரர். “மேலருந்து கீழ யாராவது பூஜை போடுவாங்களா?”

“அவ கீழருந்து மேல வந்தா” என்றாள் அம்மா. “நான் மேலருந்து கீழ போறேன். நடுவுல சேர வேணாமா?”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கண்டக்டர் வேலையில் இத்தனை வருஷம் யாரிடமும் தோற்காதவர், “சரி, எறங்குங்க” என்றார்.

வளைவு

எத்தனை படி என்று நான் எண்ணவில்லை. அம்மாவுக்கு இரண்டு படி முன்னால் வீட்டுக்காரர் பின்பக்கமாக இறங்கினார், விழுந்தால் பிடிக்க. நான் பக்கத்தில். ஏறி வருகிறவர்கள் எங்களைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கினார்கள். முட்டி போட்டு ஏறிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நின்று, “ஏமம்மா, கிந்த நுஞ்சி கதா பெட்டாலி?” என்றாள், கீழேயிருந்துதானே வைக்க வேண்டும் என்று. அம்மா நிமிராமலே, “கிந்த ஒக அம்மாயி உந்தி” என்றாள். கீழே ஒரு பொண்ணு இருக்கிறாள். அந்த அம்மாளும் கீழே திரும்பிப் பார்த்தாள், யாரோ உண்மையாகவே இருக்கிறாற்போல.

முதல் வளைவு வந்தது. பாறை இருந்தது. அம்மா பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். இது இல்லை.

அவளுக்கு மூச்சு வாங்கியது. புடவை நனைந்துவிட்டது. குங்குமம் மஞ்சளுக்கு வெளியே விழுந்தது. ‘இந்தப் படிதாம்மா, இதுதான் அது, முடிஞ்சுது’ என்று சொல்லிவிட்டால் என்ன? எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவளுக்கு எந்தப் பாறை என்று தெரியவா போகிறது? வீட்டுக்காரரும் கண்ணால் அதையேதான் கேட்டார். தேடட்டும் விடுங்க என்ற டாக்டரம்மாவின் குரல் அந்த நேரத்தில் வந்தது. இல்லை, அம்மாவின் குரல். தண்ணி கலங்கிப்போவுது. நாக்கை மடக்கிக்கொண்டேன்.

குனிந்த முதுகு எனக்கு முன்னால் எழுந்தது, குனிந்தது. ஈரக்கல் என் காலுக்குச் சில்லென்றது.

இரண்டாவது வளைவு. அங்கேயும் ஒரு பாறை. இதற்குத் தோள் இருந்ததா, நான் கற்பனை செய்துகொண்டேனா, சொல்லத் தெரியவில்லை. அம்மா வளைவில் திரும்பினாள். கை அப்படியே நின்றது.

அடுத்த படியில் மஞ்சள் இருந்தது.

அதற்கு அடுத்த படியிலும். அதற்கும் கீழே, கண்ணுக்கெட்டின வரைக்கும், ஒவ்வொரு படியிலும் மஞ்சள் இழுப்பு, நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. ஈரத்தில் பளபளவென்று, ஒரு படி விடாமல், கீழேயிருந்து மேலே வந்து, இந்த வளைவில் நின்றிருந்தது.

“பாரு” என்றாள் அம்மா. குரலே மாறிவிட்டது. “நான் வெச்சது. அப்பிடியே இருக்குது பாரு.”

நான் பாறைப் பக்கம் பார்த்தேன். ஓரத்தில், முதுகில் கல்லூரிப் பையோடு ஒரு பெண் கால் நீட்டி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு காகிதக் கிண்ணம். விரல் மூன்றும் மஞ்சள். அம்மா காட்டுகிற இடத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். “அதி நேனு...” என்று, அது நான் வைத்தது என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

நான் என் உதட்டின்மேல் விரலை வைத்தேன். என் வாழ்நாளில் ஒருவரைப் பேசவேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ. வாயை மூடிக்கொண்டாள். காகிதக் கிண்ணத்தை மெதுவாகத் தன் பைக்குப் பின்னால் நகர்த்திவைத்தாள்.

அம்மா கடைசியாக, தான் உட்கார்ந்திருந்த படியில் மஞ்சள் இழுத்தாள். குங்குமம் வைத்தாள். மேலே எல்லாம் அவளுடையது, கீழேயும் எல்லாம் அவளுடையது. நடுவில் வெறும் படி ஒன்றுகூட இல்லை. டப்பாவை மூடினாள்.

கீழே இருந்த முதல் மஞ்சள் படியையே பார்த்தாள். அங்கே உட்கார்ந்திருக்கிறவளைப் பார்க்கிறமாதிரி. ‘கோவிந்தா’ சத்தம் எங்களைத் தாண்டி மேலே போனது. மேகம் ஒன்று கூரைக்குள் நுழைந்து, படியோடு படியாக இறங்கிப் போனது. அம்மாவின் உதடு அசைந்தது. என்னவோ தேடுகிறாள். கிட்டே வந்து விலகுகிறது, மறுபடி வருகிறது. எனக்கு வாய் நிறைய வார்த்தை இருந்தது. தண்ணியா, வலிக்குதா, எழுந்திருக்கிறியா, முடிஞ்சுதா.

ஒன்றையும் எடுத்துக் கொடுக்கவில்லை. சும்மா பக்கத்தில் நின்றேன்.

அம்மா என் முந்தானையைப் பிடித்தாள். மஞ்சள் விரலின் அச்சு அதில் விழுந்தது. இழுத்தாள். நான் குனிந்தேன். என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் மேலே, தான் வைத்துக்கொண்டு வந்த படிகளைப் பார்த்தாள்.

“போலாம்” என்றாள்.